கடாரத்திற்கு இரண்டு பயணச் சீட்டுகள்

நம் வீடுகளில் கணவனும் மனைவியும் இருவர் மட்டுமாக ஊர் சுற்றக் கிளம்பினால் என்ன நடக்கும் என்பதை இதைப் படிக்கும் முன்னாள் மாணவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. செய்தி கசிந்த மறுநாளே, “எங்க போறீங்க? எத்தனை பேரு? வேன் எடுத்துடலாமா?” என்று தொலைபேசி வரும். இருவர் நால்வராவர், நால்வர் பதின்மூவராவர். புறப்படும் நாளில் வேனுக்குள் அத்தை, அத்தையின் பேரப்பிள்ளைகள், ஐஸ் பெட்டி, ஒரு தூக்கு நிறைய புளிச்சோறு, மின்சார ரைஸ் குக்கர் எல்லாம் ஏறியிருக்கும். கேமரன் மலையின் குளிரில் போய் இறங்கினாலும் அங்கேயும் அரிசி களைபவர் மனைவியாகத்தான் இருப்பார்.

குடும்பச் சுற்றுலாவுக்கு நான் எதிரியல்லன். அந்தப் புளிச்சோற்றுக்கும் எதிரியல்லன். ஆனால் அது வேறு, இருவர் பயணம் வேறு. இரண்டாவதை நாம் தேனிலவோடு முடித்துக்கொள்கிறோம். அதற்குப் பிறகும் இருவராய்ப் போவது கூச்சத்துக்குரிய செயல், பணக்காரர் பழக்கம், வெள்ளைக்காரர் வழக்கம் என்றெல்லாம் ஒதுக்கிவிடுகிறோம். இந்த எண்ணம் தவறு என்று சொல்லவே இக்கட்டுரை. என்னை எழுதத் தூண்டியவர்கள் என் பெற்றோர்.

நான் பிறந்தது கெடா மாநிலத்தில், பீடோங்கிற்கு அருகில் ஓர் இரப்பர் தோட்டத்தில். அப்பாவும் அம்மாவும் பால் மரம் வெட்டியவர்கள். விடியுமுன் ஒன்றாகப் பெரட்டுக்குப் போவார்கள். பக்கத்துப் பக்கத்து நிரையில் மரம் சீவுவார்கள். ஒன்றாகப் பால் சேர்த்து, ஸ்டோரில் ஒன்றாக வரிசையில் நின்று நிறுத்துவிட்டு வருவார்கள். முப்பது ஆண்டுகள் இப்படித்தான். நாளெல்லாம் ஒருவர் கண்ணில் ஒருவர் பட்டுக்கொண்டிருந்த அந்த இருவரும், வேலையில்லாத ஒரு பகலைச் சேர்ந்து கழித்ததாக எனக்கு நினைவில்லை. ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்குத் துணி துவைக்கும் நாள். அப்பாவுக்கு மாட்டுக்குப் புல்லறுக்கும் நாள்.

அவர்களுக்கென்று இருந்த ஒரே ‘பட்டணப் பயணம்’ சம்பளம் போட்ட ஞாயிறுதான். பேருந்து ஏறிச் சுங்கைப்பட்டாணிக்குப் போவோம். ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் வெள்ளிவிழா நினைவாக லிம் லியன் தெங் என்ற செல்வந்தரின் கொடையில் 1936இல் எழுந்த மணிக்கூண்டு அங்குண்டு. அதைக் கடக்கும்போது அப்பா ஆறேழு அடி முன்னே போய்விடுவார். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு பின்னால் வருவார். கடையில் பற்றை அடைத்துவிட்டு, ஒட்டுக்கடையில் எனக்கு மட்டும் ஒரு தட்டு மீ கோரேங். அப்பாவுக்குத் தேநீர். அம்மா, “எனக்குப் பசிக்கலப்பா” என்பார். அம்மாவுக்குப் பட்டணத்தில் பசிக்காது என்றே நெடுநாள் நம்பியிருந்தேன்.

இதை அன்பின்மை என்று சொல்ல எனக்கு மனம் வராது. தோட்டத்து மக்களுக்குப் பயணம் என்ற சொல்லே நல்ல செய்தியாக இருந்ததில்லை. கப்பலேறி வந்தது ஒரு பயணம். 1942க்குப் பிறகு, சப்பானியர் காலத்தில், சயாம்–பர்மா இரயில் பாதை போடப் பல்லாயிரம் தோட்டத் தமிழர்கள் இரயிலேற்றப்பட்டது இன்னொரு பயணம். போனவர்களில் பலர் திரும்பவில்லை. கட்டிய கணவனை இரயில் கொண்டுபோன வீடுகளில் வளர்ந்த பிள்ளைகள், ‘சும்மா போய்ப் பார்த்துவிட்டு வருவோம்’ என்று மனைவியை அழைக்க எங்கே கற்றிருப்பார்கள்? எஞ்சியது கோயில், கல்யாணம், சாவு இம்மூன்றுக்குமான பயணம்தான். அங்கேயும் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம்.

நம் தலைமுறை இந்தத் தளையை அறுத்துவிட்டது என்று நினைத்தேன். இன்று பட்டம் வாங்கி வேலைக்குப் போன தம்பதியர் பாலிக்கும் கிராபிக்கும் பறக்கிறார்கள். நல்லது, பறக்கட்டும். ஆனால் அவர்களின் படங்களைக் கைப்பேசியில் பார்க்கும்போது எனக்கொரு சந்தேகம் வருகிறது. இருவரும் எல்லாப் படத்திலும் கேமராவையே பார்க்கிறார்கள். திரும்பி வந்தபின் கடனட்டைக் கணக்கையும் இருவருமாகப் பார்க்கிறார்கள்.

நான் சொல்ல வருவது அருகில் இருக்கிறது. தமிழ்ப் பேச்சுப் போட்டி மேடைகளில் ‘கடாரம் கொண்டான்’ என்று தொண்டை கிழிய முழங்கியவர்கள் நாம். நானும் முழங்கியிருக்கிறேன், பரிசும் வாங்கியிருக்கிறேன். இராசேந்திர சோழனின் படை வந்த 1025ஆம் ஆண்டு நமக்கு மனப்பாடம். அதற்கு ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்கு முன்பே கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் ஒரு புத்த விகாரை எழுப்பியதும், அதற்கு இராசராச சோழன் ஆனைமங்கலம் என்னும் ஊரையே தானமாக விட்டதும் அவ்வளவாக மேடையேறுவதில்லை. அதுகூடப் போகட்டும். அந்தக் கடாரத்தின் எச்சங்கள் கிடக்கும் பூஜாங் பள்ளத்தாக்கிற்கு நேரில் போனவர்கள் நம்மில் எத்தனை பேர்? செமெலிங்கில் ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகத்தில் ஐந்தாண்டு படித்த என் நண்பர் ஒருவர் பக்கத்து மெர்போக்கிற்கு ஒருமுறையும் போனதில்லை. அவரைக் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. பிறந்த தோட்டத்திலிருந்து இருபது நிமிடத் தொலைவுதான்; நான் முதன்முதலாகப் போனபோது எனக்கு வயது முப்பத்தைந்து.

அந்தப் பயணத்தைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். திருமணமாகி ஏழு ஆண்டுகள் ஆகியிருந்தன. பிள்ளைகளை மாமியார் வீட்டில் விட்டுவிட்டு, கூலிமில் வளர்ந்த என் மனைவியும் நானும் இரண்டு நாளுக்குக் கிளம்பினோம். நான் ஆசிரியன் அல்லவா? ஒன்பது மணிக்கு அருங்காட்சியகம், பதினொன்றுக்கு இன்னது என்று தாளில் அட்டவணை போட்டிருந்தேன். அதைப் பார்த்த மனைவி, “என்னங்க, வருகைப் பதிவும் எடுப்பீங்களா?” என்று கேட்டார். தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். பிறகு எடுக்கவில்லை.

மெர்போக்கில், ஜெராய் மலையின் அடிவாரத்தில் இருக்கிறது தொல்பொருள் அருங்காட்சியகம். அதன் பின்னால் படியேறினால் புக்கிட் பத்து பகாட் சண்டி. சண்டி என்றால் மலாயில் பழங்கோயில். கருங்கல் அடித்தளம், கருவறை இருந்த இடத்தை விமானம் என்றும் முன்பகுதியை மண்டபம் என்றும் நம் சொற்களாலேயே குறிக்கிறார்கள். கூரை இல்லை, மரத்தூண்கள் எப்போதோ மக்கிப்போயின, அவற்றைத் தாங்கிய கற்கள் மட்டும் நிற்கின்றன. பக்கத்தில் ஓடை சலசலக்கிறது. நாங்கள் போனபோது வேறு யாருமில்லை. ஒரு மணி நேரம் படியில் உட்கார்ந்திருந்தோம். ஏழாண்டுத் திருமண வாழ்வில் பிள்ளைகளைப் பற்றியும் வீட்டுக் கடனைப் பற்றியும் பேசாமல் நாங்கள் ஒரு மணி நேரம் பேசியது அன்றுதான் என்று மனைவி பிறகு சொன்னார்.

அங்கே இன்னொரு செய்தியும் நினைவுக்கு வந்தது. 1936, 1937ஆம் ஆண்டுகளில் இந்தப் பள்ளத்தாக்கின் கோயில் மேடுகளைத் தேடித் தோண்டியவர் குவாரிட்ச் வேல்ஸ் என்ற ஆங்கிலேயர். அவரோடு இறங்கி வேலை செய்தவர் அவர் மனைவி டோரதி. ஆக, கடாரத்தை மண்ணிலிருந்து எடுத்துக் காட்டியதே ஒரு கணவன் மனைவியின் பயணம்தான். அதே ஆண்டுகளில் அடிவாரத்துத் தோட்டங்களில் நம் பாட்டனும் பாட்டியும் பால் வாளி தூக்கிக்கொண்டிருந்தார்கள்.

2013ஆம் ஆண்டின் இறுதியில் அப்பள்ளத்தாக்கின் 11ஆம் எண் சண்டி, வீடமைப்புக்காக நிலம் சீர்செய்யப்பட்டபோது இடிக்கப்பட்டுவிட்டது என்ற செய்தி வெளிவந்தது. நாமும் கொதித்தோம், அறிக்கை விட்டோம். ஆனால் அது இடிபட்டதே உடனே வெளியில் தெரியவில்லை என்பதுதான் என்னை உறுத்தியது. மாதம் பத்துத் தம்பதியர் சோற்றுப் பொட்டலத்தோடு அங்கே போய் உட்கார்ந்திருந்தால், இடிந்த அன்றே ஊருக்குத் தெரிந்திருக்கும்.

சாப்பாட்டுக்கு வருவோம். இது முக்கியம். மெர்போக்கிலிருந்து கடற்கரைப் பக்கம் போனால் தஞ்சோங் டாவாய். நெத்திலிக் கருவாடும் பெலாச்சானும் மணக்கும் மீனவக் கிராமம். எதிர்க்கரையில் பந்தாய் மெர்டேக்கா, படகில் கடக்கலாம். சுட்ட மீனும் சோறும் வாங்கி ஆற்றுமுகத்தைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டோம். மறுநாள் காலை சுங்கைப்பட்டாணியில் புட்டும் கடலைக் கறியும், மதியம் வாழையிலைச் சாப்பாடு. இவற்றைவிடச் சிறந்த சமையல் என் மனைவியுடையது. இது அவர் படிப்பார் என்பதற்காக எழுதியதன்று. ஆனால் அந்த இரண்டு நாளும் அவர் வெங்காயம் உரிக்கவில்லை, மிச்சத்தைக் குளிர்பெட்டியில் எடுத்து வைக்கவில்லை, மற்றவர் சாப்பிட்டு முடித்தபின் கடைசியாக உட்காரவில்லை. சுடச்சுட வந்த முதல் தட்டு அவருக்குப் போனது. அன்றுதான் எனக்கு அந்தப் பழைய மீ கோரேங் தட்டு நினைவுக்கு வந்தது.

அப்பாவும் அம்மாவும் தோட்டத்தைவிட்டு வந்து நெடுநாளாகிறது. இரப்பர் போய்ச் செம்பனை வந்ததும், சுங்கைப்பட்டாணியில் ஒரு தாமானில் குடியேறினார்கள். மணிக்கூண்டு பக்கம்தான், ஆனால் இருவரும் தொலைக்காட்சியின் இரு மூலைகளில் உட்கார்ந்திருப்பார்கள். கடந்த ஆண்டு அப்பாவின் எழுபத்து நான்காம் பிறந்த நாளுக்கு நான் சட்டை வாங்கவில்லை. அலோர்ஸ்டாருக்கு இரண்டு இரயில் டிக்கெட் வாங்கிக் கொடுத்தேன். 2015இல் பாடாங் பெசார் வரை மின்சார இரயில் ஓடத் தொடங்கியபின் அது ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம்தான்.

எதிர்ப்பு எதிர்பார்த்ததுதான். “யாரு செத்தா அங்க?” என்றார் அப்பா. அம்மா, “இந்த வயசுல நாங்க ரெண்டு பேரும் ஜோடி போட்டுக்கிட்டுப் போனா ஊரு சிரிக்கும்டா” என்றார். நீயும் வா, பிள்ளைகளையும் கூட்டி வா, வேன் எடுப்போம் என்று பேச்சு வழக்கமான தடத்தில் ஓடப் பார்த்தது. நான் அசையவில்லை. தங்கும் விடுதிக்குப் பணம் கட்டியாகிவிட்டது, திரும்பத் தரமாட்டார்கள் என்றேன். பணம் வீணாவதை அப்பாவால் தாங்க முடியாது. போனார்கள்.

பல்கலைக்கழகத்தில் இப்போது படித்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கையரே, இந்த இடத்தில் உங்களிடம் ஒரு வேண்டுகோள். இருவர் பயணம் என்றதும் உங்களில் சிலர் வேறு கணக்குப் போட்டிருப்பீர்கள். அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. பகுதிநேர வேலையிலோ உதவிநிதியிலோ கொஞ்சம் மிஞ்சினால், உங்கள் அம்மா அப்பாவை இரண்டு நாள் அனுப்பி வையுங்கள். கூடப் போகாதீர்கள். அன்று மட்டும் நான்கு முறை தொலைபேசியில் அழைத்து ‘சாப்பிட்டீங்களா’ என்று கேட்காதீர்கள். நான் கேட்டேன், மூன்றாவது முறை அப்பா எடுக்கவேயில்லை.

திரும்பி வந்தபின் அம்மா சொன்னதை வைத்துத்தான் அந்தப் பயணம் எனக்குத் தெரியும். 1915இல் திறக்கப்பட்ட சாஹிர் பள்ளிவாசலை வெளியே நின்று வெகுநேரம் பார்த்திருக்கிறார்கள்; கறுப்புக் குவிமாடங்கள் அப்பாவுக்குப் பிடித்துவிட்டதாம். எதிரே அரச இசைக்கருவிகளை வைத்திருக்கும் மஞ்சள் நிறக் கோபுரமான பாலாய் நோபாட். நம் நாதசுரத்தின் சாயல் கொண்ட ஒரு குழல் அந்த இசைக்குழுவில் உண்டு என்று நான் சொல்லி அனுப்பியிருந்தேன். காவலரிடம் அப்பா கேட்க, அவர் வாயாலேயே ஊதிக் காட்டினாராம். துங்குவும் மகாதீரும் பிறந்த ஊர் என்பதால் அப்பாவுக்கு அரசியல் பேச ஒரு டாக்சி ஓட்டுநரும் கிடைத்திருக்கிறார். பெக்கான் ரபு சந்தையில் அம்மாவுக்கு ஒரு கைப்பை. அதை அப்பாவே தேர்ந்தெடுத்தாராம். நிறம் சகிக்கவில்லை, அம்மா இப்போது கோயிலுக்கு அதைத்தான் எடுத்துப் போகிறார்.

கோலக் கெடாவுக்குப் போய் லக்சா சாப்பிட்டிருக்கிறார்கள். “மீன் கொழம்புல சேமியாவப் போட்டு வெச்சிருக்கான்” என்று குறை சொல்லிக்கொண்டே அப்பா இரண்டு கிண்ணம் சாப்பிட்டார் என்று அம்மா சொன்னார்.

“நீங்க?” என்று கேட்டேன்.

“நானும் ரெண்டு. நல்ல பசி.”

பிறகு அம்மா இரயிலைப் பற்றிச் சொன்னார். தோட்டத்து வாசலிலிருந்து முப்பது ஆண்டுகளாக ஜெராய் மலையைப் பார்த்துத்தான் மழை வருமா, மரம் சீவ முடியுமா என்று கணித்தவர் அவர். குருன் தாண்டி வயல்வெளி விரியத் தொடங்கியதும் சன்னல் பக்கம் உட்கார்ந்திருந்த அப்பா, அம்மாவை எழுப்பி இடம் மாறிக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்.

“மலையோட முதுகு, பாரு”ன்னாருடா. இத்தன வருசம் நாம மொகத்த மட்டுந்தான் பாத்திருக்கோம்.”