யாரோடு கை குலுக்கினார்? யாருக்காகக் கை தூக்கினார்?

அமெரிக்காவில் ஜனாதிபதித் தேர்தல் வந்துவிட்டால் சேற்றை வாரி இறைக்கும் திருவிழாவும் வந்துவிடுகிறது. எதிராளி யாரோடு உட்கார்ந்தார், யார் வீட்டில் காப்பி குடித்தார் என்று துருவுவதே பெரும் பிரசாரமாகிவிடுகிறது. இந்த வித்தையின் உள்ளர்த்தத்தை அறிய 2008ம் ஆண்டுத் தேர்தலைப் பார்த்தால் போதும்.

அந்த வருஷம் செப்டம்பர் 15ந் தேதி லேமன் பிரதர்ஸ் என்ற பெரும் பாங்கி திவாலாயிற்று. வீட்டுக் கடனை வைத்து நடந்த சூதாட்டம் சரிந்தது. லட்சக்கணக்கான உழைப்பாளிக் குடும்பங்கள் வீட்டையும் வேலையையும் இழந்தன. வேலையில்லாத் திண்டாட்டம் ஏறிக்கொண்டே போய் 2009 அக்டோபரில் 10 சதவீதத்தைத் தொட்டது.

இந்த நெருக்கடியின் நடுவே மேடைகளில் முழங்கியது என்ன?

ரிபப்ளிகன் கட்சியின் உப ஜனாதிபதி வேட்பாளர் சாரா பேலின், டெமாக்ரடிக் வேட்பாளர் ஒபாமா பயங்கரவாதிகளோடு கூடித் திரிகிறவர் என்று அக்டோபர் முதல் வாரத்தில் பழி சுமத்தினார். ஆதாரம்? வியட்நாம் யுத்த காலத்தில் குண்டு வைத்த ஒரு குழுவின் தலைவர்களில் ஒருவரான பில் அயர்ஸ், பிற்காலத்தில் சிகாகோவில் பேராசிரியரானார். அவரும் ஒபாமாவும் ஒரு தர்ம ஸ்தாபனத்தின் நிர்வாகக் குழுவில் இருந்தார்கள். 1995ல் அவர் வீட்டில் ஒபாமாவுக்காக ஒரு சிறு கூட்டம் நடந்தது. அவ்வளவுதான்! அந்தக் குழு குண்டு வைத்த நாளில் ஒபாமா பள்ளிச் சிறுவன்.

விதைத்தது முளைத்தது. அக்டோபர் 10ந் தேதி மின்னசோட்டாவில் ஒரு பெண்மணி எழுந்து, ஒபாமாவை நம்ப முடியவில்லை, அவர் ஓர் அராபியர் என்றார். ரிபப்ளிகன் ஜனாதிபதி வேட்பாளர் மக்கெய்ன் மைக்கை வாங்கி மறுத்தார். ஒபாமா கண்ணியமான குடும்பஸ்தர் என்றார். மறுத்தது நல்லதே. ஆனால் அராபியர் என்றால் கண்ணியமற்றவரா என்று அவர் கேட்கவில்லை.

பழகியதே குற்றம் என்பது மக்கார்த்தி 1950களில் காட்டிய வழி. எத்தனையோ ஆசிரியர்கள், கலைஞர்கள், தொழிற்சங்க ஊழியர்களின் பிழைப்பை அது பறித்தது.

ஒபாமா தரப்பும் சும்மா இருக்கவில்லை. மக்கெய்னுக்கும் சார்லஸ் கீட்டிங் என்ற பாங்கி முதலாளிக்கும் இருந்த உறவைக் காட்டி அக்டோபர் 6ந் தேதி ஒரு படம் வெளியிட்டது. இரண்டையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது. கீட்டிங்கிடம் மக்கெய்ன் தேர்தல் நிதி வாங்கியவர். 1987ல் அந்தப் பாங்கியை விசாரித்த அதிகாரிகளைச் சந்தித்த 5 செனட்டர்களில் அவர் ஒருவர். 1989ல் பாங்கி கவிழ்ந்தபோது ஆயிரக்கணக்கான முதியோரின் சேமிப்பு போயிற்று. மக்கெய்ன் விவேகக் குறைவாக நடந்தார் என்று செனட் கமிட்டியே 1991ல் கூறிற்று. இது கேட்க வேண்டிய கேள்விதான்.

ஆனால், அந்தப் படம் வருவதற்கு 5 நாள் முன்பு நடந்ததைக் கவனியுங்கள். பாங்கிகளைக் கைதூக்கிவிட 70,000 கோடி டாலர் வழங்கும் மசோதா அக்டோபர் 1ந் தேதி செனட் சபைக்கு வந்தது. ஒபாமாவும் ஆதரவு, மக்கெய்னும் ஆதரவு! கோல்ட்மன் சாக்ஸ் கம்பெனியார் ஒபாமாவுக்கும், மெரில் லிஞ்ச் கம்பெனியார் மக்கெய்னுக்கும் தேர்தல் நிதியைக் கொட்டியிருந்தார்கள். இந்தச் சகவாசத்தைப் பற்றி எந்த மேடை அலறியது?

இருவரும் ஒன்றே என்று நாம் கூறவில்லை. ஈராக் யுத்தத்திலும் வைத்திய இன்ஷூரன்ஸிலும் அவர்களிடையே மெய்யான வேற்றுமை இருந்தது. சேற்று மழையில் அந்த வேற்றுமையும் மங்கிற்று. அந்த ஒற்றுமையும் மறைந்தது. ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம். இங்கே கூத்தாடி பாங்கி முதலாளி.

வேட்பாளர் யாரோடு பழகினார் என்று கேட்பதில் தவறில்லை. கேள்வியைப் பாதியில் நிறுத்தக் கூடாது. யாரிடம் பணம் வாங்கினார், சபையில் யாருக்காகக் கை தூக்கினார், அதனால் யார் அடுப்பு அணைந்தது என்று இறுதிவரை கேட்க வேண்டும். எந்த நாட்டிலும் உழைப்பாளியின் ஓட்டுக்கு அதுவே உரைகல்.