உறுதியில்லா மாடி உரிமையில்லா வீடு!

வீடு என்பது யாது? நான்கு சுவரும் ஒரு கூரையுமா? அன்று! மருதமுனை முதல் அக்கரைப்பற்று வரை எங்கள் கரையிலே வீடு என்றால் அது மகளின் வீடு. பெண் பிள்ளை பிறந்ததும் வாப்பாவுக்கு வீட்டுக் கவலை பிறந்துவிடும். ஒரு போகம் விளைந்தால் சுவர் எழும். மறு போகம் விளைந்தால் கூரை ஏறும். கலியாணத்தோடு வீடு மகளுக்காகும். மருமகன் அங்கே வந்து சேர்வான். சீதன வழக்கில் கண்டிக்கத்தக்கவை பல உண்டு. ஆயினும் அவ்வழக்கின் வழியே எங்கள் பெண்கள் வீடுடையோராய் நிமிர்ந்து நின்றார்கள் என்பதை யார் மறுக்க வல்லார்?

2004 டிசெம்பர் 26ஆந் திகதி கடல் பொங்கியது. அம்பாறை மாவட்டத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்கள் மாண்டன. கடலுக்குப் பின்னே அளவுநாடா வந்தது. முதலில் 200 மீற்றர் என்றார்கள். பின்னர் 65 மீற்றர் என்றார்கள். அதற்குள் வீடு கட்டலாகாது என்றார்கள். கிழக்கே கடல், மேற்கே வயல், நடுவே ஒடுங்கிய தரை. ஆகவே கல்முனையில் கிறீன்பீல்ட் போன்ற தொடர்மாடிகள் எழுந்தன. நிலமில்லா ஊரில் மாடி எழுந்ததை நாம் குறை கூறவில்லை. நாம் கேட்பது ஒன்றே: மாடியிலுள்ள ஓரறை வீடு யாருடையது?

“திறப்பைத் தந்துவிட்டோம், இன்னும் என்ன வேண்டும்?” என்பார் உளர். திறப்பு வேறு, உறுதி வேறு! வாடகைக்கு இருப்பவன் கையிலும் திறப்பு உண்டு. உறுதி இல்லாதவன் அதை ஈடு வைத்துக் கடன் பெறுவானா? மகளுக்கு எழுதிக் கொடுப்பானா? வளவில் நின்ற வீடானால் இளைய மகளுக்கு ஓர் அறையைக் கூட்டிக் கட்டலாம். மாடியில் எங்கே கூட்டுவது? ஆகாயத்திலா? கூட்டவும் முடியாது, பிரிக்கவும் முடியாது என்ற வீட்டில் எஞ்சியிருக்கும் ஒரே செல்வம் உரிமைப் பத்திரம். அதுவும் இல்லையேல், அது வீடன்று, விடுதி!

அந்தப் பத்திரம் யார் பெயரில்? நிவாரணப் பதிவேடுகள் “குடும்பத் தலைவர்” என்றன. பெரும்பாலும் ஆணின் பெயரையே எழுதின. பெண்ணின் வீட்டைக் கடல் கொண்டது; பெண்ணின் பெயரைப் பதிவேடு கொண்டது! வயற்காணி உடையோருக்கு இது புதிதன்று. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் பின்னுரிமையில் மகளுக்கு முன் மகனை வைத்தது. அதைத் திருத்த 2022ஆம் ஆண்டு வரை காத்திருக்க நேர்ந்தது.

சட்டம் இல்லையா? இருக்கிறது! 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொடர்மாடி உடைமைச் சட்டம் வழி வகுத்திருக்கிறது. கட்டடத்தின் வரைபடம் முறைப்படி பதிவானால், ஒவ்வொரு வீட்டுக்கும் தனி உறுதி எழுதலாம். நிலம், படிக்கட்டு, கூரை, கழிவுநீர்க் குழாய் ஆகியவை எல்லோருக்கும் பொதுவாகும். வீட்டுரிமையாளர் அனைவரும் முகாமைத்துவக் கூட்டுத்தாபனமாகித் தம் கட்டடத்தைத் தாமே ஆளலாம். வரைபடம் பதிவாகாத இடத்தில் உறுதியும் இல்லை, ஆட்சியும் இல்லை. குழாய் உடைந்தால் மேல்மாடி கீழ்மாடியைப் பார்க்கும். கீழ்மாடி மாநகர சபையைப் பார்க்கும். சபை கொழும்பைப் பார்க்கும்!

உலகைப் பாருங்கள். 1916இல் நியூயோர்க் நகரின் புரூக்ளினில், பின்லாந்திலிருந்து குடியேறிய தொழிலாளர் தம் பணத்தைச் சேர்த்து ஒரு தொடர்மாடி கட்டினர். “அல்கு” என்று பெயரிட்டனர். தொடக்கம் என்பது பொருள். அங்கே குடியிருந்தோரே பங்காளர், பங்காளரே ஆட்சியாளர். இன்று அந்நகரின் பழம்பெரும் மாளிகைகளிலும் ஓரறை வீடு கூட்டுறவுப் பங்காகவே கைமாறுகிறது. அங்கே ஓரறை வாசியும் மாளிகையின் பங்காளன். இங்கே?

“நம் சனங்களுக்கு மாடியில் வாழத் தெரியாது” என்று ஏளனம் செய்வோருக்கு ஒரு சொல். விதைப்புக்கு முன் ஆரம்பக் கூட்டம் கூடுவது யார்? வட்டவிதானையின் சொற்கேட்டு வாய்க்கால் வெட்டி, முறை வைத்து நீர் பாய்ச்சுவது யார்? எங்கள் விவசாயிகள்! வட்டையின் வாய்க்காலைப் பொதுவில் காத்தவர்களுக்கு மாடியின் வாய்க்காலைக் காக்கத் தெரியாதா? ஆனால் தன் வயலென்ற உரிமை இருந்ததால்தான் வாய்க்காலில் இறங்கினான். உரிமையைத் தராமல் பொறுப்பைக் கேட்பது என்ன நியாயம்?

குடியிருப்போரிடமும் கடுமையாகவே கேட்கிறோம். மாதப் பணம் செலுத்தத் தயங்குவதும், குப்பையைப் படிக்கட்டில் விட்டுச் செல்வதும் உரிமை கேட்போருக்கு அழகா?

நுரைச்சோலையை மறவாதீர்! சவூதி அரேபியாவின் கொடையில் எழுந்த 500 வீடுகள், வழக்கில் சிக்கிப் பத்தாண்டுகளுக்கும் மேலாக ஆளற்றுக் கிடந்தன. அங்கே வீடு இருந்தது, குடி இல்லை. இங்கே குடி இருக்கிறது, உரிமை வேண்டும்.

எனவே கேட்கிறோம்: வரைபடம் பதிவாகாத ஒவ்வொரு தொடர்மாடியையும் உடனே பதிவு செய்க! பத்திரம் கைக்கு வராத ஒவ்வொரு குடும்பத்துக்கும் உறுதி எழுதுக! அதில் மனைவியின் பெயரும் நிற்கட்டும்! சட்டத்தரணிகளே, உறுதி எழுதும் எழுதுகோல் உங்கள் கையில். விவசாயிகளே, வட்டை ஆண்ட அனுபவம் உங்கள் கையில். இரு கையும் சேரட்டும்! கடல் கொண்டதைத் திருப்பித் தர யாராலும் ஆகாது. கோப்புக்குள் கிடப்பதை எடுத்துத் தரவுமா ஆகாது?