வெளுப்பா ஆண்மை?

ஆண்மை என்பது ஆளும் தன்மை. தன்னை ஆளுதல், பிறந்த குடியை ஆளுதல், மேற்கொண்ட வினையை ஆளுதல் எல்லாம் அதனுள் அடங்கும். பிறன் மனைவியை நோக்காத திண்மையைப் பேராண்மை என்றார் திருவள்ளுவர். பிறந்த குடியைத் தாங்கி நடத்துவதை நல்லாண்மை என்றார். விடாமுயற்சிக்கு ஆள்வினை என்று பெயரிட்டார். அத்தகைய சொல்லைத்தான் களிம்பு வணிகன் ஒரு சிறு குழலுக்குள் அடைத்து விற்கின்றான்!

பெண்களை நோக்கி 1975-இல் வந்தது 'பேர் அண்டு இலவ்லி'. கரிய பெண்ணுக்கு மணமில்லை, வேலையில்லை என்று அச்சுறுத்தியே அது பல்லாண்டு விலைபோயிற்று. பின்னர் வணிகர் பார்வை ஆண்பக்கம் திரும்பிற்று. 2005-இல் இமாமி நிறுவனம் 'பேர் அண்டு ஏண்டுசம்' என்னும் களிம்பை ஆண்களுக்கென்றே இறக்கியது. இந்தி நடிகர் சாருக்கான் அதற்கு முகமானார். பெண்களுக்குரிய களிம்பை மறைவாகப் பூசிக்கொள்ளும் இளைஞனை எள்ளி நகையாடுவதே அவ்விளம்பரத்தின் போக்கு. ஆணின் தோல் தடித்ததாம்; அதற்குத் தனிக் களிம்பு வேண்டுமாம்!

இதிலுள்ள சூழ்ச்சியைக் கூர்ந்து நோக்குங்கள். கருநிறம் இழிவு என்பது ஒரு பொய். பெண்ணின் பொருளைத் தொடுவது ஆணுக்கு இழிவு என்பது அதன்மேல் ஏற்றிய மற்றொரு பொய். முதலில் பெண்ணைத் தாழ்த்தி ஆணுக்குச் செருக்கூட்டுகின்றனர். அச்செருக்கு அடங்குமுன்பே 'நீயும் போதாதவன்' என்று அவனையும் தாழ்த்திக் காசு பறிக்கின்றனர். உடன்பிறந்தவளைக் கறுப்பி என்று எள்ளிய அண்ணன்மாரே, இப்பொழுது உங்கள் முறை!

2013-இல் 79 உருவா கொடுத்து இக்களிம்பை வாங்கிய தில்லிக்காரர் ஒருவர், சொன்னபடி பூசியும் வெளுக்கவில்லை என்று வழக்கிட்டார். நல்லுணவும் உடற்பயிற்சியும் நற்பழக்கங்களும் சேர்ந்தால்தான் பயன் கிட்டும் என்பது நிறுவனத்தின் விடை. உறையின்மேல் அப்படி ஒரு சொல்லும் இல்லை. 2024 திசம்பரில் தில்லி நுகர்வோர் மன்றம் 14.5 இலக்கம் உருவா தண்டம் கட்டுமாறு தீர்ப்பளித்தது. அடுத்த திங்களே, 2025 சனவரியில், களிம்பின் பெயர் 'இசுமார்ட்டு அண்டு ஏண்டுசம்' என மாறிற்று. பெண்கள் களிம்போ 2020-இலேயே 'குளோ அண்டு இலவ்லி' ஆகிவிட்டது. 'பேர்' போயிற்று, பேராசை போகவில்லை.

வடநாட்டு வணிகனை மட்டும் பழித்துப் பயனில்லை. முல்லை நிலக் கடவுளை மாயோன் என்றார் தொல்காப்பியர்; மாயோன் என்றால் கரியவன். கழகப் பாடல்களில் தலைவியின் மாந்தளிர் போன்ற மாமை நிறமே அழகு. தலைவன் பிரிந்தால் அந்நிறம் கெட்டு அவள் மேனி வெளிறும். அதற்குப் பசலை என்று பெயர், அது நோய். முன்னோர் நோயென்று வருந்தியதை நாம் காசு கொடுத்து வாங்குகின்றோம்! வெளுத்த தோலைச் 'சிவப்பு' என்று புகழும் நம் நாவின் பிறழ்ச்சியை என்னென்பது? மணமகள் தேவை விளம்பரத்தில் சிவந்த நிறம் கேட்பவன் தமிழன். தமிழ் பேசத் தெரியாத வெண்டோலைத் திரைப்படத் தலைவியாக்குபவனும் தமிழன். வணிகன் நம்மிடம் முன்பே இருந்த புண்ணைப் பார்த்துத்தான் களிம்பு கொண்டுவந்தான்.

சென்ற கிழமை எங்களூர் முடிதிருத்தகத்தில் ஓர் இளைஞரைக் கண்டேன். மின்துறையில் பணிபுரிபவர். மறுநாள் பெண் பார்க்கப் போவதால் முகத்தை வெளுக்கச் செய்யுமாறு கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஏன் தம்பி?" என்றேன்.

"வெயிலில் நின்று நின்று கறுத்துவிட்டேன் ஐயா" என்றார், தவறு செய்தவர் போலத் தலைகுனிந்து.

புயலடித்த இரவில் கம்பமேறி எங்கள் தெருவுக்கு விளக்கெரியச் செய்தவர் அவர்.