வண்டியும் வழியும்: முன்முகத்துப் பலகை

மழைக்காலத்தில் மாதுங்கா கிங்ஸ் சர்க்கிளில் நீர் தேங்குவது மும்பைத் தமிழர்க்குப் புதிய செய்தியன்று. காந்தி மார்க்கெட்டுப் பக்கம் காய்கறி வாங்கச் சென்றவர் வேட்டியை முழங்காலுக்கு மேல் மடித்துக்கொண்டு திரும்புவது ஆண்டுதோறும் காணும் காட்சி. அவ்வாறு நீர் நின்ற ஓர் இரவில், செம்பூரில் வாழும் என் நண்பர் ஒருவரின் மகன் தன் ஸ்போர்ட்ஸ் காரை அந்த வெள்ளத்தினூடே ஓட்டி வந்தான். வீட்டு வாயிலில் இறங்கிப் பார்த்தபோது வண்டியின் முன்புறத்து நம்பர் பிளேட் இல்லை. “போனால் போகிறது, இனி வண்டியின் முகம் அழகாயிருக்கும்” என்று கூறிவிட்டு அவன் உறங்கப் போய்விட்டான்.

பதினாறு நாள் கழித்து அவனுடைய கைப்பேசிக்கு அபராதச் செய்தி ஒன்று வந்தது. அவன் அந்த மாதம் கால் வைத்திராத ஒரு சாலையில், நள்ளிரவு கடந்த நேரத்தில், அளவு மீறிய வேகத்தில் சென்றதாகக் குற்றச்சாட்டு. இணைத்திருந்த புகைப்படத்தில் இருந்ததோ வெள்ளை நிறத்துச் சாதாரணக் கார். அதன் நெற்றியில் மட்டும் நம் பிள்ளையின் தமிழ்நாட்டு எண்.

நண்பர் மறுநாட் காலையிலேயே என் வீட்டுக்கு வந்துவிட்டார். “அண்ணா, இன்றைக்கு வேகம் என்கிறார்கள். நாளைக்கு அந்த வண்டி யார்மேலாவது ஏறிவிட்டு ஓடிப்போனால், போலீஸ் என் வீட்டுக் கதவையல்லவா தட்டும்?” என்றார். அவர் அச்சம் வீண் அச்சமன்று. அதனாலேயே இத்திங்கள் இப்பகுதியில் வேறு பொருளை எடுத்துக்கொள்ளாமல் இதனை எழுதுகிறேன்.

அந்தப் பலகை ஏன் கழன்றது? பையனைக் கேட்டேன். முதலில் தயங்கினான். பிறகு, “மாமா, அதை இருபுறமும் ஒட்டும் டேப்பினால்தான் ஒட்டியிருந்தேன். அந்த பம்பரில் துளை போட மனம் வரவில்லை” என்றான். இரு கதவுகளும் தரையோடு தவழும் உடலும் உடைய வெளிநாட்டு வண்டி அது. சென்னையில் ஒருவரிடம் பழையதாக வாங்கித் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டு இங்கே கொண்டுவந்தான். அதன் முன்முகத்தில் பலகைக்கென்று தட்டையான இடமே கிடையாது. காற்றை உள்ளிழுக்கும் அகன்ற வாயும் வளைந்த உதடுமாக இருக்கிறது.

இத்தகைய வண்டிகளுக்கும் எண்பலகைக்கும் உள்ள பகை பழையது. வண்டிகளுக்குப் பலகை மாட்ட வேண்டும் என்று பாரிஸ் நகரக் காவல்துறை 1893இலேயே கட்டளையிட்டது. இங்கிலாந்தில் 1903ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1904 சனவரி முதல் பதிவெண் கட்டாயமாயிற்று. வண்டியின் மூக்கு நிமிர்ந்து நின்ற காலத்தில் இதனால் யாருக்கும் தொல்லையில்லை. காற்றைக் கிழித்துச் செல்லும்பொருட்டு மூக்கைத் தாழ்த்தி நீட்டத் தொடங்கிய பிறகே தொல்லை பிறந்தது. 1961இல் வெளிவந்த ஜாகுவார் ஈ-டைப் வண்டியின் பானட் நீண்டு சரிந்து முனையில் ஒரு சிறிய வாயாக முடியும். பலகை மாட்ட அங்கு இடமின்மையால், அந்நாட்டில் பலர் எண்ணைப் பானட்டின்மீதே ஒட்டிக்கொண்டனர். ஆல்ஃபா ரோமியோ நிறுவனம் 1997இல் கொணர்ந்த 156 என்னும் வண்டியில், நடுவிலுள்ள கேடயம் போன்ற முன்வலையை மறைக்க மனமின்றிப் பலகையை ஒரு பக்கமாக ஒதுக்கி வைத்தது. மிட்சுபிஷியின் லான்சர் எவல்யூஷன் ஆறாம் வரிசையில் பலகை ஒதுங்கியது அழகுக்காக அன்று. குளிர்விக்கும் காற்று தடையின்றி உள்ளே செல்வதற்காக.

அமெரிக்காவில் இது மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். ஃபுளோரிடா, பென்சில்வேனியா, மிச்சிகன் முதலியவற்றில் பின்பலகை ஒன்றே போதும். ஒஹையோ 2020 சூலை முதல் முன்பலகையைக் கைவிட்டது. கலிபோர்னியாவோ இரண்டும் வேண்டும் என்கிறது. நம் பிள்ளைகள் இணையத்தில் காணும் அழகிய கார்ப் படங்கள் பல, முன்பலகை வேண்டாத ஊர்களில் எடுக்கப்பட்டவை. அந்தப் படத்தைக் கண்டு இங்கே பலகையைக் கழற்றுகின்றனர்.

நம் நாட்டு விதியில் ஐயத்துக்கு இடமில்லை. 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 50ஆம் விதி, பதிவெண் எல்லா மோட்டார் வண்டிகளிலும் முன்னும் பின்னும் தெளிவாகப் படிக்கத்தக்கதாகக் காட்டப்பட வேண்டும் என்கிறது. விலை கோடியாயினும் ஆயிரமாயினும் ஒன்றே. பலகையை டாஷ்போர்டின்மேல் கிடத்தி வைப்பதும், இருண்ட கண்ணாடித் தாளுக்குப் பின் மறைப்பதும் இதற்கு ஈடாகா. 2019 ஏப்ரல் முதல் புதிய வண்டிகள் அனைத்துக்கும் உயர்பாதுகாப்புப் பலகை கட்டாயம். ஒரு மில்லிமீட்டர் தடிப்புள்ள அலுமினியத் தகடு. இடது மேல்மூலையில் சக்கரம் பொறித்த குரோமிய ஹாலோகிராம். கீழே லேசரால் பொறித்த தனி எண். அந்தத் தனி எண் வண்டியின் பதிவோடு பிணைந்தது. முன் கண்ணாடியின் உட்புறத்தில் ஒட்டும் சிறு தாளையும் மூன்றாவது பதிவெண்ணாகவே கருத வேண்டும். பெட்ரோலுக்கு வெளிர்நீலம், டீசலுக்கு ஆரஞ்சு நிறம். வெள்ளை வண்டிக்காரன் இவற்றுள் ஒன்றை மட்டும் திருடிப் பயன்படுத்தினான். மற்றவை அவனிடம் இல்லை. நம் பிள்ளையைக் காப்பாற்றப் போவது இதுவே என்று நண்பருக்குச் சொன்னேன்.

இனி, மாட்டும் முறைக்கு வருகிறேன்.

கார்களுக்கு நம் விதி இரண்டு அளவுகளை வைத்துள்ளது: 500க்கு 120 மில்லிமீட்டர், அல்லது 340க்கு 200. ஐரோப்பியப் பலகை 520க்கு 110. ஆகவே ஐரோப்பிய வண்டியில் பலகைக்கென்று பள்ளம் இருந்தாலும் நம் பலகை நீளத்தில் குறைந்தும் உயரத்தில் பத்து மில்லிமீட்டர் மிகுந்தும் நிற்கும். அமெரிக்க, சப்பானியப் பலகைகளோ குட்டையானவை; அவற்றுக்கான தாங்கியில் நம்முடையதை வைத்தால் இருபுறமும் தொங்கும். பலகையை வளைத்தோ வெட்டியோ இடத்துக்குப் பொருத்தலாகாது. தாங்கியை மாற்றுவதே முறை. முதலில் வண்டியைச் செய்த நிறுவனமே அந்த மாதிரிக்கு விற்கும் தாங்கி கிடைக்குமா என்று கேளுங்கள்.

அது கிடைக்காதபோது இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, இழுவைக் கொக்கியின் துளை. பெரும்பாலான இக்கால வண்டிகளில் முன் பம்பரின் ஒரு பக்கத்தில் உள்ளங்கையினும் சிறிய மூடி ஒன்று இருக்கும். அதை நெம்பி எடுத்தால் உள்ளே மரையிட்ட துளை தெரியும். வண்டி நின்றுவிட்டால் கட்டி இழுப்பதற்கான கொக்கியைத் திருகும் இடம் அது. அதே மரையில் திருகும் தண்டும் அதன் முனையில் பலகைத் தாங்கியுமாகக் கடைகளில் விற்கின்றனர். ஒரு துளையும் இடவேண்டியதில்லை. மரை வண்டிக்கு வண்டி வேறுபடும். சிலவற்றில் இடஞ்சுழி மரை. அளவறியாமல் வாங்கி வலிந்து திருகினால் மரை கெடும். பிறகு ஆபத்துக் காலத்தில் இழுவைக் கொக்கி ஏறாது. பலகை ஒரு பக்கமாக நிற்கும் என்பது இம்முறையின் குறை. பையனுக்கு அது குறையாகத் தோன்றவில்லை. “ஆல்ஃபா போலவே இருக்கும், மாமா” என்று மகிழ்ந்தான்.

மற்றொன்று துளையிடுதல். பம்பர் பிளாஸ்டிக்தானே என்று துணிந்து டிரில்லை எடுக்க வேண்டா. அதன் பின்னே ரேடியேட்டரோ, இண்டர்கூலரோ, முன்வண்டியின் தூரத்தை அறியும் ரேடாரோ இருக்கக்கூடும். உட்புறம் பார்த்துத் தெளிந்த பின்னரே இடம் குறிக்க வேண்டும். குறிக்கும் இடத்தில் காகித டேப்பை ஒட்டினால் வண்ணம் கீறாது. டிரில் முனையும் வழுக்காது. மூன்று மில்லிமீட்டர் முனையால் முதலில் சிறுதுளை. பின்னரே வேண்டிய அளவு. முனையிலும் ஒரு டேப்பைச் சுற்றி, அதற்கு மேல் உள்ளே போகாதபடி பார்த்துக்கொள்ளலாம். நம் கடற்கரைக் காற்றில் இரும்பு போல்ட் ஒரே மழையில் துருப்பிடித்துச் செந்நீர் வடிக்கும். ஆதலின் துருப்பிடிக்காத எஃகு போல்ட்டே வேண்டும். ரப்பர் வாஷர் இட்டால் தகடு அதிர்ந்து கிலுகிலுக்காது. பலகையில் ஏற்கெனவே உள்ள துளைகளையே பயன்படுத்துங்கள்; ஹாலோகிராமிலும் லேசர் எண்ணிலும் கை வைக்காதீர்கள்.

எங்கே வைத்தாலும் காற்று வாயை நினைவிற் கொள்ள வேண்டும். 500க்கு 120 என்றால் 600 சதுர சென்டிமீட்டர். அவ்வளவு பரப்பைச் சிறிய வாய்க்கு நேராக மூடிவிட்டு, சயான் நெரிசலில் மே மாத வெயிலில் நின்றால் எஞ்சினின் சூட்டுமானி எங்கே ஏறும் என்று சொல்ல வேண்டுவதில்லை.

டேப்பைப் பற்றி ஒரு சொல். உலர்ந்த ஊரில், சுத்தம் செய்த பரப்பில், நல்ல டேப் நன்றாகவே பிடிக்கும், நான் மறுக்கவில்லை. ஆனால் தேங்கிய நீரில் வண்டி போகும்போது அதன் முன்னே நீர் அலையாக எழுந்து பலகையைத் தள்ளுகிறது. பின்னே நுழைந்த நீர் வெளியே நெம்புகிறது. தரையோடு தவழும் வண்டியில் பலகை நிற்பதே அந்த அலையின் உயரத்தில்தான்.

பலகை தொலைந்தால் அன்றே காவல் நிலையத்தில் புகார் பதிய வேண்டும். நம் பிள்ளை பதினாறு நாள் வாளாவிருந்தான், நாங்கள் மூவரும் சென்று பதிந்தபோது, “இத்தனை நாள் என்ன செய்தீர்கள்?” என்ற கேள்வியே முதலில் வந்தது. அதற்கு நல்ல விடை எங்களிடம் இல்லை. புகாரின் நகல், வண்டியின் நிறமும் உருவமும் தெரியும் புகைப்படங்கள், பதிவுச் சான்று ஆகியவற்றோடு அபராதத்தை மறுத்து முறையிட்டோம்.

அப்போதுதான் இரண்டாவது முடிச்சு வெளிப்பட்டது. அவ்வண்டி மும்பைக்கு வந்து பதினெட்டு மாதங்களாகியிருந்தன. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 47ஆம் பிரிவின்படி, வேறு மாநிலத்தில் பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் வைத்திருக்கும் வண்டிக்கு அங்கே புதிய பதிவெண் பெற வேண்டும். இது நம் குடும்பங்கள் பலவற்றுக்கும் பொருந்துவதாகும். பழைய பதிவு அலுவலகத்தில் படிவம் 28 வாயிலாகத் தடையின்மைச் சான்று, கடன் இருப்பின் வங்கியின் ஒப்புதல், இங்கே படிவம் 27, இங்குள்ள வரி. அங்கே கட்டிய ஆயுள் வரியில் எஞ்சிய காலத்துக்கு உரியதைத் திரும்பக் கேட்கலாம். கேட்காமல் விட்டவர்களே நம்மில் மிகுதி. நிலுவையில் அபராதம் இருந்தால் சான்று தடைப்படும். ஆக, யாரோ ஓட்டிய வெள்ளைக் காரின் வேகம் இவன் வண்டியின் மறுபதிவையும் நிறுத்தி வைத்தது.

அடிக்கடி மாற்றலாகும் அரசு ஊழியர்க்கும், நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் அலுவலகமுள்ள தனியார் நிறுவனத்தார்க்கும் 2021 செப்டம்பர் முதல் பி.எச். வரிசை எண் கிடைக்கிறது. 2022இல் செய்த திருத்தத்தால் பழைய வண்டியையும் அதற்கு மாற்றலாம். வரி இரண்டிரண்டு ஆண்டுகளாகச் செலுத்துவது. பையன் வேலை செய்யும் நிறுவனத்துக்கு இரண்டு மாநிலங்களில்தான் அலுவலகம். ஆகவே அவ்வழி அடைத்தது.

அபராதம் நீங்க ஏழு வாரங்களாயின. வண்டி அதுவரை உறையிட்டுக் கட்டடத்தின் கீழே நின்றது. சான்று வந்து, வரி கட்டி, சென்ற வாரம் மகாராட்டிர எண் தாங்கிய இரு பலகைகளும் ஏறின. முன்னது இழுவைக் கொக்கித் தாங்கியில். பையன் தானே திருகினான். நான் பக்கத்தில் நின்று மரையை மட்டும் சரிபார்த்தேன்.

நண்பருக்கு வேறொரு வருத்தம். முப்பத்தோராண்டாக இவ்வூரில் வாழ்பவர் அவர். மாடியிலிருந்து பார்க்கும்போது கீழே நிற்கும் நாற்பது வண்டிகளில் ஒன்றில் மட்டும் ‘டி.என்.’ என்று காண்பது அவருக்கு மகிழ்ச்சியாயிருந்ததாம். “அந்தப் பழைய பின்பலகையைக் கூடத்தில் மாட்டி வைத்துக்கொள்ளலாமா, அண்ணா?” என்று கேட்டார். கூடாது என்றேன். ஒரு பலகை வெளியே போய்ப் பட்ட பாடு போதாதா? ஒப்படைப்பதற்கு முன் அதனைக் கையில் ஏந்தி ஒரு புகைப்படம் எடுத்துக்கொண்டார். படத்தில் பலகைதான் தெளிவாக விழுந்திருக்கிறது. அவர் முகம் பாதிதான் தெரிகிறது.