குறட்டை நின்றால் எழுந்து பாருங்கள்!

பொதட்டூர்பேட்டையில் தறிச் சத்தம் 'டடக் டடக்' என்று கேட்டுக்கொண்டிருக்கும்வரை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. சட்டென்று நின்றால்தான், "என்னாச்சு, நூல் அறுந்துடுச்சா?" என்று உள்ளேயிருந்து குரல் வரும்.

குறட்டைக்கு மட்டும் நாம் நேர் எதிர்! சத்தம் வந்தால் திட்டுகிறோம். நின்றால், "அப்பாடா" என்று திரும்பிப் படுத்துக்கொள்கிறோம். ஆபத்தே அந்த அமைதியில்தான்.

தூக்கத்தில் தொண்டைத் தசைகள் தளரும். சிலருக்கு மூச்சுப்பாதையே மூடிக்கொள்ளும். பத்து விநாடி, சமயத்தில் அரை நிமிஷம்கூட மூச்சு இருக்காது. ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கும். மூளை பதறிப்போய் உசுப்ப, 'ஹக்' என்று ஒரு திணறல்; மறுபடி குறட்டை. இதுதான் ஸ்லீப் ஆப்னியா. மணிக்கு 5 தடவை வந்தாலே கவனிக்க வேண்டும்; 30-ஐ எட்டினால் கடுமை என்று அர்த்தம். ஆனால் தூங்கியவருக்கு ஒன்றும் ஞாபகம் இருக்காது. "எட்டு மணி நேரம் தூங்கினேனே, ஏன் இப்படி அசதி?" என்பார்.

காலையில் தலைவலி, வாய் வறட்சி, ராத்திரி அடிக்கடி பாத்ரூம்... மாத்திரை மாற்றி மாற்றிப் போட்டும் பி.பி. இறங்கவில்லையா? டாக்டரிடம் குறட்டையைப் பற்றிச் சொன்னீர்களா? என் வருத்தமே இதுதான். அவர் கேட்பதில்லை, வெட்கப்பட்டு நாமும் சொல்வதில்லை. சினிமாவில் சிரிப்புக் காட்சியாகவே பார்த்துப் பழகிவிட்டோம். 'டிஸ்கோ டான்ஸர்' இசையமைப்பாளர் பப்பி லஹரி 2022-ல் மும்பையில் இறந்தபோது, காரணங்களில் ஒன்றாக டாக்டர்கள் சொன்னது இந்த நோயைத்தான். இதயத் துடிப்புக் கோளாறு, பக்கவாதம் என்று இது இழுத்து வரும் வினைகள் பல. திருத்தணிக்கு டூவீலரில் போகும்போது கண் சொருகினால்?

குண்டாக இருப்பவருக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். மாதவிடாய் நின்ற பெண்களுக்கும், டான்சில் வீங்கிய குழந்தைகளுக்கும் வரும். தயவுசெய்து மெடிக்கல் ஷாப்பில் தூக்க மாத்திரை கேட்டு வாங்காதீர்கள். தசை இன்னும் தளரும். ராத்திரி 'கட்டிங்'கும் அப்படியே.

வைத்தியம் உண்டு. 1980-ல் சிட்னியில் டாக்டர் காலின் சல்லிவன், வாக்குவம் கிளீனர் மோட்டாரை வைத்தே முதல் கருவியைச் செய்தார். இன்றைய 'ஸி-பேப்' மாஸ்க் அதன் வாரிசு. மூக்கு வழியே காற்றை அழுத்தி, பாதையைத் திறந்தே வைக்கும். விலை கொஞ்சம் கடிக்கும்தான். உடம்பு இளைத்தாலே பலருக்குப் பாதி குறையும்.

சாட்சி பக்கத்தில் படுப்பவர்தான். இன்று ராத்திரி செல்போனில் இரண்டு நிமிஷம் பதிவு பண்ணி, காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போட்டுக் காட்டுங்கள். அவர் கோபித்துக்கொண்டால்... கோபித்துக்கொள்ளட்டுமே!