ஏற்காடு காபிப் பூவும் வீடு திரும்பாத தேனீயும்

மார்ச், ஏப்ரலில் ஏற்காடு போயிருக்கிறீர்களா? ஏரியையும் லேடீஸ் சீட்டையும் மட்டும் பார்த்துவிட்டு இறங்கியிருந்தால், பாதிதான் பார்த்திருக்கிறீர்கள். கோடை மழை ஒன்று நன்றாகப் பெய்து எட்டு, பத்து நாள் போனால், சேர்வராயன் மலையின் காபிச் செடிகள் வெள்ளை வெளேரென்று பூத்து நிற்கும். மல்லிகை மாதிரி ஒரு வாசம். இரண்டு மூன்று நாளில் வாடிவிடும். தேனீக்களுக்கு அதுதான் தீபாவளி.

இங்கே அதிகம் விளைவது அராபிகா. தன் மகரந்தத்திலேயே காய்க்கும் ரகம். 'அப்புறம் தேனீ எதற்கு?' என்று தோன்றும். இந்தோனேசியக் காபித் தோட்டங்களில் நடந்து 2003-ல் வெளியான ஆய்வு வேறு கதை சொல்கிறது. சில வகைத் தேனீக்களே வந்த தோட்டங்களில் சுமார் 60% பூக்கள் காயாகின. 20 வகைக்கு மேல் வந்த இடங்களில் சுமார் 90%.

ஆனால், பூச்சியும் சும்மா இருப்பதில்லை. காபித் தண்டைத் துளைக்கும் வண்டு பறக்கும் காலங்களில் ஒன்று ஏப்ரல், மே. பூ முடிந்த கையோடு அது வந்துவிடும். மாமரம் பூத்தால் தத்துப்பூச்சி. 'மருந்தே அடிக்காதீங்க' என்று ஏசி அறையில் உட்கார்ந்து எழுதுவது எனக்குச் சுலபம், தோட்டக்காரருக்கு அல்ல.

கவலை தருவது இமிடாகுளோபிரிட், தயாமீதாக்சாம் போன்ற மருந்துகள். இவை செடிக்குள்ளேயே ஊடுருவி மகரந்தம், பூந்தேன் வரை போய்விடும். தேனீயின் நரம்பைத் தாக்கும். 2012-ல் பிரான்ஸ் ஆய்வாளர்கள் தேனீக்களின் முதுகில் குட்டிச் சில்லுகளை ஒட்டிப் பறக்கவிட்டார்கள். உடனே கொல்லாத அளவு தயாமீதாக்சாம் குடித்தவற்றில் பல, கூட்டுக்கு வழி தெரியாமல் தொலைந்தன. அதனால்தான் பெட்டி முன் செத்த தேனீக்கள் குவிந்து கிடக்க வேண்டும் என்பதில்லை. கூட்டம் மெல்லக் குறையும், அவ்வளவுதான். இந்த இரண்டோடு குளோத்தியானிடினையும் சேர்த்து, திறந்தவெளியில் பயன்படுத்த ஐரோப்பிய ஒன்றியம் 2018-ல் தடை போட்டது.

மருந்து டப்பாவில் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று ஒரு அடையாளம் இருக்குமே, அதை நம்பி ஏமாறாதீர்கள். பாலூட்டிகளுக்கு எவ்வளவு விஷம் என்பதற்கான நிறம் அது. தேனீக்கு ஆபத்தா என்று உரக்கடையில் தனியாகக் கேளுங்கள், லேபிளைப் படியுங்கள். பூத்திருக்கும்போது அடிக்கவே வேண்டாம். மற்ற நாளில், தேனீக்கள் கூடு திரும்பிய சாயங்காலத்துக்குப் பிறகு. பக்கத்தில் யாராவது தேன்பெட்டி வைத்திருந்தால் முதல் நாளே ஒரு போன்.

மாடித்தோட்டக்காரர்களே, உங்கள் வேப்பெண்ணெய்க்கும் அதே சாயங்கால நேரம்தான்.