வயிறு வலிக்குதா, வாழ்க்கை வலிக்குதா?

ரஷ்யாக்காரர் ஒருத்தர் பல்கேரியாவுல டாக்டர்கிட்ட போய், தன் மொழியிலயே "ஜிவோத் வலிக்குது"ன்னு சொல்றார்னு வச்சுக்குங்க. டாக்டர் காதுல அது "வாழ்க்கை வலிக்குது"ன்னு விழும். மாத்திரை எழுதிக் கொடுக்கிறதா, பக்கத்துல உக்காந்து ஆறுதல் சொல்றதா? :-)

ரெண்டு மொழியிலயும் எழுத்து ஒண்ணு, அழுத்தம் விழற இடமும் ஒண்ணு. (முதல் ஒலி நம்ம ஜ-வுக்கும் ஷ-வுக்கும் நடுவுல.) பல்கேரியனில் ஜிவோத்னா வாழ்க்கை, வயித்துக்கு 'கோரெம்'. ரஷ்யனில் ஜிவோத்னா வயிறு, வாழ்க்கைக்கு 'ஜிஸ்ன்'.

இந்த மாதிரி ஜோடிகளை 'போலி நண்பர்கள்'னு சொல்றாங்க. 1928-ல பிரெஞ்சுக்காரங்க ரெண்டு பேர் போட்ட புத்தகத்தால பரவின பேரு. இந்த இடத்துல எனக்கு அது சுத்தமா பிடிக்கலை. இதுல யார் போலி? ரெண்டும் ஒரே வயித்துப் பிள்ளைங்க!

பழைய ஸ்லாவிய மொழியில இதுக்கு வாழ்க்கை, உயிர்னுதான் பொருள். 9-ஆம் நூற்றாண்டுல சிரிலும் மெத்தோடியஸும் வேதத்தை மொழிபெயர்த்த அந்த ஏட்டு மொழி பல்கேரியாவுல வளர்ந்து, ரஷ்யர்களோட முன்னோர் 988-ல கிறிஸ்தவத்துக்கு மாறினப்புறம் அங்கேயும் வேரூன்றுச்சு. அதனால தேவாலய வாசகங்கள்ல ரஷ்யர்களுக்கும் ஜிவோத்னா உயிர்தான். பழைய ரஷ்யனில் சொத்துபத்து, ஆடுமாடுன்னும் பொருள் உண்டு. பேச்சு வழக்குலதான் உயிர்லேர்ந்து உயிர் தங்கற உடம்புக்கும், அப்புறம் வயித்துக்கும் இறங்கிடுச்சு. ஆனா பழசு முழுசா அழியலை. 'ஜிவோத்தைப் பாராமல்' போரிட்டான்னா உயிரைப் பாராமல்னு அர்த்தம். அதே தொடரை விருந்துல சாப்பிடறவங்களைக் கிண்டல் பண்ணவும் சொல்வாங்க.

உடனே "அப்ப பல்கேரியன்தான் சரி, ரஷ்யன் சொல்லைக் கெடுத்துடுச்சு"ன்னு தீர்ப்பு சொல்ல ஆள் வரும். ஒத்துக்க மாட்டேன். மூத்த பொருள் மூத்தது, அவ்வளவுதான். அதுக்காக சரியானதுன்னு ஆயிடுமா?

நம்மளையே பாருங்களேன். ஜிவோத்தும் வடமொழி 'ஜீவ'வும் ஒரே வேர். அந்த வழியா தமிழுக்கு வந்த ஜீவன் உயிராவே இருக்கு. ஆனா கூடவே வந்த ஜீவனம்? "ஜீவனம் எப்படிப் போகுது?"ன்னு கேட்டா உயிரையா விசாரிக்கிறோம்? வருமானத்தைத்தானே, அதாவது வயித்தை! ரஷ்யர்கள் போன பாதையில நாமும் பாதி தூரம் போயிருக்கோம்.

இன்னொரு ஜோடி இருக்கு, 'மாய்கா'. பல்கேரியனில் அம்மா, ரஷ்யனில் கையில்லாத பனியன். வேரளவுல கூட உறவில்லை. அதை வேணும்னா போலின்னு சொல்லுங்க, ஒத்துக்கறேன்.